பொட்டு வைத்த கேமரா கட்டுமாவடிக் கடலில் இறங்கியது

நீருக்கடியில் படம் எடுக்க வேண்டும் என்று நான் கனவெல்லாம் கண்டதில்லை. பதினோரு வருடமாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவள் நான். எனக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் மணமேடையில் தாரை வார்க்கும் தண்ணீர்தான். ஆசையைக் கிளப்பிவிட்டது என் கல்லூரித் தோழி ஜெசிந்தா. ஆவூர்க்காரி, பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. "கடல்பசுவுக்குச் சாப்பாடே கடல்புல்தான்னு பாடம் நடத்துறேன். ஒரு பையனும் அந்தப் புல்லைப் பார்த்ததில்ல. நம்ம மாவட்டத்துக் கடல்லயே இருக்குடி, படம் எடுத்துக் குடேன்" என்றாள். அன்று இரவு இணையத்தில் தேட ஆரம்பித்தவள்தான், ஒரு வாரம் தூங்கவில்லை.

கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக 'ஹவுசிங்' என்ற பெட்டி வேண்டும். கேமரா உள்ளே உட்காரும், பொத்தான்களை வெளியிலிருந்து அழுத்தலாம். தொழில்முறைக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு வகை. ஒன்று அலுமினியம், விலை இரண்டே கால் லட்சத்தில் தொடங்குகிறது. இன்னொன்று கண்ணாடி போல உள்ளே தெரியும் கெட்டி பிளாஸ்டிக், எழுபத்தெட்டாயிரம். இரண்டையும் வாங்கிப் பார்க்க நான் என்ன ஜமீன் வாரிசா? சென்னையில் ஒரு கடையில் வாடகைக்குக் கிடைத்தது. அலுமினியம் ஒரு நாளைக்கு 4,500, பிளாஸ்டிக் 1,800. மூன்று நாளுக்கு எடுத்தேன். எது சரியென்று படுகிறதோ அதை வாங்குவது என்று முடிவு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேமரா. பழையதை விற்றுவிட்டுத்தான் இதை வாங்கினேன். நாங்கள் கடலுக்குப் போனது பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் காலை பொன்னமராவதியில் ஒரு முகூர்த்தம். கேமராவுக்குள் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போனால் நான் அந்தக் கல்யாணத்துக்குக் கையை வீசிக்கொண்டுதான் போக வேண்டும். முகூர்த்தத்தைத் திரும்ப நடத்தச் சொல்லவா முடியும்?

சனிக்கிழமை மதியம் 2.30க்குத் திருச்சியிலிருந்து காரில் கிளம்பி 3.20க்கு ஆவூர் போய்ச் சேர்ந்தேன். ஜெசிந்தா வீட்டு வயலில் பம்புசெட் தொட்டி இருக்கிறது, நாலடி ஆழம். கேமரா இல்லாமல், வெறும் டிஷ்யூ பேப்பரை மட்டும் உள்ளே மடித்து வைத்து, இரண்டு பெட்டிகளையும் செங்கல் கட்டி அரை மணி நேரம் முக்கினோம். எடுத்துப் பார்த்தால் பேப்பர் மொறுமொறுவென்று இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கேமராவை வைத்து மூடி, பெட்டியோடு கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தேன். அலுமினியத்தில் எல்லாம் விரல் நுனிக்கு வந்து நின்றன. பிளாஸ்டிக்கில் ஜூம் வளையம் நழுவியது, ஃபோகஸ் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டவில்லை. அதோடு அலுமினியத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டு. கைப்பம்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் பச்சை எரியும். எங்காவது கசிந்து காற்று திரும்ப உள்ளே புகுந்தால் சிவப்பாகிவிடும். எனக்கு அப்போதே மனம் அலுமினியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஜெசிந்தா சாயங்காலப் பூசைக்குக் கோயிலுக்குப் போனபோது, நான் வீட்டில் உட்கார்ந்து தவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை 4.40க்கு ஆவூரிலிருந்து கிளம்பினோம். புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்ட் அருகே டீ, அறந்தாங்கியில் இட்லி (இருவருக்கும் சேர்த்து 110 ரூபாய், சாம்பார் பிரமாதம்), அங்கிருந்து நேராகக் கிழக்கே கட்டுமாவடி. என் வண்டி மீட்டரில் 98 கிலோமீட்டர். சேர்ந்தபோது மணி 6.50. ஏலம் முடிகிற நேரம், நண்டுக் கூடைகளுக்கு நடுவே வண்டியை ஓட்டிப் போவதே ஒரு சாகசம்.

படகுக்காரர் காளிமுத்து எனக்குப் பழக்கமானவர். அவர் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். அவை அடிமண்ணைக் கிளப்பிவிட்டால் ஒன்றும் தெரியாதாம்.

"தண்ணி இன்னைக்குக் கண்ணாடியா கெடக்குங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டா அடி வரைக்கும் தெரியும்" என்றார். எனக்கு அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது.

அவர் வீட்டு முன்னறையில் மேசை போட்டு இரண்டு பெட்டிகளையும் திறந்து வைத்தேன். பெட்டியும் மூடியும் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்று ஒரு ரப்பர் வளையம் ஓடும். தண்ணீரை நிறுத்துவது அந்த மெல்லிய வளையம் மட்டும்தான். அதைத் துடைத்து, கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது காளிமுத்துவின் மனைவி வளர்மதி எட்டிப் பார்த்தார்.

"புதுச் சாமானுங்களா?"

"ஆமாங்க, இன்னைக்குத்தான் முதல்முதலாக் கடல்ல எறங்குது."

"அப்ப சும்மாவா எறக்குவீங்க? புது வலைக்கே பொட்டு வைக்காம நாங்க எறக்குறதில்ல. இருங்க, வாரேன்."

சந்தனமும் குங்குமமும் வந்தன. இரண்டு பெட்டிக்கும் வைத்தார். மூடியில் ஒன்று, லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் குமிழின் விளிம்பில் ஒன்று. விரலில் மிஞ்சிய குங்குமத்தை வழக்கம்போல உதறிவிட்டார். நான் மறுத்தேனா? புது பைக்குக்கும் புது லேப்டாப்புக்கும் பொட்டு வைத்த கை இது. சந்தோஷமாகப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஜெசிந்தாவும் தன் பங்குக்குச் சிலுவை போட்டாள். கேமராவை அலுமினியத்தில் வைத்து மூடி, காற்றை உறிஞ்சினேன். பச்சை எரிந்தது. அரை மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. படகு தயாராக நின்றது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் பார்த்தேன். போதும் என்று கிளம்பிவிட்டேன்.

7.45க்குப் படகு புறப்பட்டது. பிளாஸ்டிக் பெட்டியையும் மூடி, மாற்றுக்கு எடுத்துக்கொண்டோம். மூன்று கிலோமீட்டர், முப்பது நிமிடம். காளிமுத்து எஞ்சினை நிறுத்தியதும் ஒரு அமைதி வந்தது. குனிந்து பார்த்தால், அடியில் பச்சைப் பச்சையாகப் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நாற்று நட்டு இருபது நாளான வயல் அப்படித்தான் இருக்கும். ஒன்றரை ஆள் ஆழம்தான். ஜெசிந்தா கத்தியே விட்டாள். நான் நீச்சல் கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டிக்கொண்டு, ஒரு காலைப் படகுக்கு வெளியே போட்டுவிட்டேன். அப்போதுதான் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

வெளியே போட்ட காலைப் படக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டேன். பத்து நொடி தாமதித்துப் பார்த்திருந்தால், பெட்டியோடு தண்ணீருக்குள் இருந்திருப்பேன். பயம் போனதும் கோபம் வந்தது. "விளக்குதான் கெட்டுப்போயிருக்கும். நேத்து அரை மணி நேரம் முக்கினோமே, ஒண்ணும் ஆகலையே" என்று ஜெசிந்தாவிடம் எரிந்து விழுந்தேன். அங்கே புல் ஆடுகிறது, இங்கே நான் குழந்தை மாதிரி அடம்பிடிக்கிறேன்.

காளிமுத்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தொறந்து பாருங்க. எஞ்சின் ஹெட்டை மாட்டுறப்ப ஒரு மண்ணு ஒட்டுனாலும் கசியத்தான் செய்யும். இதுவும் அதே வேலைதானே?"

தண்ணீர் தெறிக்காமல் அவரும் ஜெசிந்தாவும் இரண்டு பக்கமும் துண்டைப் பிடித்துக்கொள்ள, திறந்தேன். கேமரா காய்ந்துதான் இருந்தது. ஓ-ரிங்கை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். கீழ்முனையில் ஏதோ நெருடியது. குங்குமம். கிரீஸில் ஒட்டிக்கொண்டு, கடுகில் பாதி அளவு கட்டி.

காளிமுத்து முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், படகே ஆடியது. "அடி ஆத்தா, எங்க வீட்டு வேலையாங்க இது?"

அவர் வீட்டு வேலை இல்லை, என் வேலைதான். திறந்து கிடக்கும் பெட்டிக்குப் பொட்டு வைக்க விட்டவள் நான். அரை மணி நேரத்தை இரண்டு நிமிடமாக்கியவளும் நான்.

அப்போது ஒரு யோசனை வந்து பிளாஸ்டிக் பெட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். மூடியிருந்தாலும் உள்ளே தெரியுமல்லவா? சுற்றிலும் ஓ-ரிங் ஒரே கறுப்புக் கோடாக ஓடியது. ஓர் இடத்தில் மட்டும் கோடு விட்டுப்போய், அந்த இடைவெளியில் ஒரு சிவப்புப் புள்ளி. அதிலும் குங்குமம்! அலுமினியம் விளக்குப் போட்டு, எங்கே என்று சொல்லாமல் மிரட்டியதை, இது விளக்கே இல்லாமல் இடத்தோடு காட்டிக்கொடுத்தது. நான்தான் காலையில் பார்க்கவில்லை. ஆனால் இதற்கு விளக்கு இல்லை, அவசரத்தில் இதை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால் தடுக்க ஆளும் இல்லை. கேமரா போயிருக்கும். நடுக்கடலில் உட்கார்ந்து எனக்கு மூளை பரபரவென்று வேலை செய்தது.

அலுமினியத்தின் வளையத்தைக் கழற்றி, ஜெசிந்தாவின் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்து, புது கிரீஸ் தடவி மாட்டினேன். இந்த முறை கேமரா இல்லை, டிஷ்யூ பேப்பர்தான். காற்றை உறிஞ்சினேன், பச்சை. காளிமுத்து நங்கூரக் கயிற்றில் கட்டிப் பெட்டியை இறக்கினார்.

"அரை மணி நேரம்" என்றாள் ஜெசிந்தா, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

"காமணி போதும்டி, வெயில் ஏறுது."

"பரீட்சை ஹால்ல வந்து பேரம் பேசாத."

ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை பாவி. அந்த அரை மணி நேரம் நான் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தேன். 9.05க்குப் பெட்டி மேலே வந்தது. பச்சை. பேப்பரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. கேமராவை வைத்து, வளையம் முழுதும் தடவிப் பார்த்து மூடி, காற்றை உறிஞ்சி, மறுபடியும் அரை மணி நேரம் பச்சைக்குக் காவல் இருந்து, 9.40க்கு இறங்கினேன்.

எப்படிச் சொல்வது! முதலில் கேட்டது என் மூச்சு மட்டும்தான். புல்லுக்குள் வெயில் கோடு கோடாக இறங்கியது. குச்சி மாதிரி ஒரு மீன் புல்லோடு புல்லாக நின்று என்னை ஏமாற்றியது. நண்டு ஒன்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் கேமராவோடு சண்டைக்கு வந்தது. கடல்பசு வரவில்லை, ஆனால் அது மேய்ந்த தடம் புல்லுக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி நீண்டு போனது. தண்ணீருக்குள்ளேயே சிரித்து, உப்புத் தண்ணீர் குடித்து, மேலே வந்து இருமி, மறுபடியும் இறங்கினேன். ஐம்பது நிமிடத்தில் 212 படங்கள். விளக்கு கடைசிவரை பச்சை.

11.30க்குக் கரை. படகுக்கு 2,500 ரூபாய். வளர்மதி சமைத்த கணவாய்க் குழம்புக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். குங்குமக் கதையைச் சொல்லக்கூடாது என்று நான் நினைத்திருந்தேன். காளிமுத்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். வளர்மதி முகம் செத்துப்போனது. "ஐயோ, அவ்வளவு வெலை சாமானை நான் கெடுக்கப் பார்த்தேனே!"

பேச்சை மாற்ற, கேமராத் திரையில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவுக இருவது வருசமாப் போறாக. கீழ இப்படி இருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்லைங்க" என்றார். கடைசியில் முதல் படத்துக்கு வந்தோம். நல்ல வெளிச்சம், நல்ல புல், ஆனால் மேல் மூலையில் சிவப்பாக ஒரு புகை. குமிழின் விளிம்பில் வைத்த பொட்டு, பெட்டியை முக்கியதில் பாதி போக, மிச்சமும் கரைவதற்குள் எடுத்த படம். "இது வீணாப்போச்சு" என்று அழிக்கப் போனேன்.

வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை அழிக்காதீங்க. கடலுக்குள்ள என் பொட்டு இருக்கு பாருங்க."

இப்போது, இதேபோலப் போக நினைப்பவர்களுக்கு. நான் கடைசியில் வாங்கியது பிளாஸ்டிக். அதன் பக்கவாட்டுத் துளையில் மாட்டுகிற காற்று உறிஞ்சும் வால்வும் விளக்கும் தனியாகவே கிடைக்கின்றன, 19,000 ரூபாய். கண்ணுக்கும் தெரியும், விளக்கும் சொல்லும். ஜூம் நழுவும் தொல்லைக்கு, ஜூம் இல்லாத அகல லென்ஸ் போட்டுக்கொண்டேன். நூறு மீட்டர் ஆழம் தாங்குமா என்று கடையில் கேட்காதீர்கள், நீங்கள் எத்தனை மீட்டர் போவீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று. வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து, உங்கள் கையால், உங்கள் கேமராவோடு அழுத்திப் பாருங்கள். அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம், கூடவே ஒரு டீச்சரைக் கூட்டிப்போவது நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் தெளிவு. படகில் உயிர்க்கவச உடை கட்டாயம், ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். பொட்டு வைக்காமல் விடவேண்டாம், பெட்டியை மூடிய பிறகு கைப்பிடியில் வையுங்கள்.

திங்கட்கிழமை பொன்னமராவதியில் மூன்றாவது முடிச்சு விழும்போது அதே கேமராதான் என் கையில் இருந்தது. மற்ற படங்கள் ஜெசிந்தாவின் வகுப்புச் சுவரில் இருக்கின்றன. அந்த முதல் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கட்டுமாவடிக்கு அனுப்பிவிட்டேன். இந்தப் பதிவின் முகப்பில் இருப்பதும் அதுதான். மூலையில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறதே, துடைக்காமல் எடுத்துவிட்டீர்களா என்று யாரும் கேட்க வேண்டாம். அது வளர்மதி வைத்தது.