ஸ்பூனின் முதுகு

சூப் இன்னும் வரவில்லை; அதற்குள் அண்ணி ஸ்பூனைக் கவிழ்த்துவிட்டார். ஓட்டலில் மற்றவர்கள் மெனு அட்டையைப் படிப்பார்கள். என் அண்ணன் மனைவி ஸ்பூனின் முதுகைப் படிப்பார். கழுத்தில் தொங்கும் சின்ன லென்ஸைக் கண்ணில் இடுக்கி, காம்பின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்டீலு. பாவம், அது என்ன பண்ணும்" என்று ஆறுதல் சொல்லித் திருப்பி வைப்பார். பரிமாறுகிறவர் கழுவாத ஸ்பூனை வைத்துவிட்டோமோ என்று கலங்கி நிற்பார்.

பழைய வெள்ளி முலாம் ஸ்பூன், முள்கரண்டி, கத்தி வாங்கி விற்பதுதான் அவர் தொழில். கடைத்தெருவில் கடை, ஒருவர் உள்ளே போக வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் "சுத்த வெள்ளிங்க" என்றே தொடங்குவார்கள்.

"முகத்தப் பாத்தா எல்லாம் வெள்ளிதான். முதுகக் காட்டுங்க" என்பார் அண்ணி.

முலாம் பூசுகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. சுத்த வெள்ளியின் முதுகில் அடிக்கும் முத்திரை போலவே கட்டம் கட்டி, எழுத்தும் கிரீடமும் அடித்துவிடுவார்கள். அந்த முத்திரையை வைத்தே செய்தவர் யார் என்று அண்ணி கண்டுபிடித்துவிடுவார். பேர்பெற்ற ஆள் என்றால் முலாமுக்கும் நல்ல விலை உண்டு. மேசையில் உரசும் அடிப்பகுதியில் முலாம் தேய்ந்து பித்தளை மஞ்சள் தெரிந்தால் விலை இறங்கும். காம்பில் குடும்பப் பெயரின் முதலெழுத்து பொறித்திருந்தால் இன்னும் இறங்கும். "உங்க மாமனார் பேரு எனக்கெதுக்குங்க?"

அண்ணன் மகளுக்குப் பிடித்த பையன் வீட்டில் எங்களை முதன்முதலாக விருந்துக்கு அழைத்தார்கள். காரிலேயே மகள் அம்மாவின் லென்ஸைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் சாப்பாட்ட மட்டும் பாரு. ஸ்பூனப் பாக்காத" என்று அண்ணன் கெஞ்சினார்.

அந்த வீட்டில் விதி வெல்வெட் பெட்டியில் காத்திருந்தது. பையனின் அம்மா அதை இரு கையாலும் ஏந்தி வந்தார். "கல்யாண நாளுக்கு இவர் வாங்கித் தந்தது. சுத்த வெள்ளி. பேங்க் லாக்கர்லயே இருந்துச்சு, இதுவரைக்கும் ஒருத்தர் வாயிலயும் பட்டதில்ல. உங்களுக்காகத்தான் எடுத்தேன்."

அண்ணி சூப் முழுவதையும் ஸ்பூனைக் கவிழ்க்காமல் குடித்து முடித்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"நீங்க இதே தொழில்ல இருக்கீங்களாமே. பாத்து ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றார் அந்த அம்மா.

அண்ணன் இருமினார். மகள் மேசைக்கடியில் அம்மாவை உதைத்தாள்; உதை என் காலில் விழுந்தது. அண்ணி ஸ்பூனைத் திருப்பினார்; லென்ஸ் தேவைப்படவில்லை.

"செஞ்சவன் பெரிய கைகாரன். நல்ல வேலப்பாடு. ஆனா..." முத்திரை விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வளையாது. "முலாம்ங்க."

கல்யாணம் கைநழுவியது என்றே நினைத்தேன். அப்போது பையனின் அப்பா, "அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். "கட்டின லாக்கர் வாடகைக்கு நெஜ வெள்ளியே வாங்கியிருக்கலாம்."

"ஏங்க, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம்னு வர்றப்பல்லாம் நீ யாருக்காவது பெட்டியத் தெறந்து காட்டிட்டிருப்ப."

பையனுக்குச் சூப் புரையேறியது. அவன் சிரிப்பு மகளுக்குத் தொற்றி, அண்ணனுக்கும் எனக்கும் தொற்றியது. பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விரலிலிருந்த கல்யாண மோதிரத்தைக் கஷ்டப்பட்டுக் கழற்றி, அண்ணியிடம் நீட்டினார்.

"இதுவும் இவர் போட்டதுதான். பாத்துச் சொல்லிடுங்க."

கணவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

மோதிரத்தின் உள்பக்கம் ஏதோ முத்திரை இருப்பது எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. அண்ணி அதை வாங்கினார்; பார்க்கக் குனியவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து, விரல் மூட்டில் சிக்கிய மோதிரத்தை மெல்லத் திருகித் திருகி, பழைய இடத்திலேயே போட்டுவிட்டார்.