கடைசிப் பாட்டும் காலி நாற்காலிகளும்

லாஸ்பேட்டையில் இன்று மாலை என் மகள் பள்ளியில் ஆண்டு விழா. பெற்றோர் என்கிற கூட்டத்துக்கு வெட்கமே கிடையாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தன் பிள்ளை மேடையேறினால் முன்னால் ஓடிப்போய், பின்னால் இருப்பவர்களை மறைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பிள்ளை இறங்கியதும் அதை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

கடைசி நிகழ்ச்சி, அரியாங்குப்பத்திலிருந்து படிக்க வரும் தேன்மொழியின் பாட்டு. அவள் மைக் முன்னால் வந்து நின்றபோது, நாற்காலி வாடகைக்காரர் பின்வரிசைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

பாட்டு சார் அவரிடம் ஓடினார். "ஒரே ஒரு பாட்டுதாங்க. அப்புறம் எடுத்துக்கங்க."

"உக்கார ஆள் இருந்தா நான் ஏன் சார் எடுக்கப் போறேன்?"

நான் கைப்பையை எடுத்தேன். மகள் நகரவில்லை.

"இரும்மா. நான் ஆடுனப்ப அவதான் மொதல்ல கைதட்டுனா. நடுவுல எழுந்து போவக் கூடாதுன்னு சார் ஒரு வாரமா சொல்லிக் குடுத்துருக்காரு."

"அது பசங்களுக்குச் சொன்னது. நீ நட."

தேன்மொழி நன்றாகவே பாடினாள். சுருதி எங்கும் விலகவில்லை. ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

பாட்டு முடிந்ததும் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே என் மகள் கைதட்டினாள். உள்ளேயிருந்து வேறு கைதட்டல் எதுவும் கேட்கவில்லை.

"ஒழுங்கா புடிச்சுக்கோ, விழுந்துடப் போற" என்றேன்.

கேட்டைத் தாண்டவே இருபது நிமிடம் ஆனது, அவ்வளவு நெரிசல். இந்தப் பெற்றோருக்கெல்லாம் அப்படி என்னதான் அவசரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.