அண்ணனின் ஒட்டுப்போட்ட சட்டை

அந்தச் சட்டைக்கு முதுகில் ஒரு ஒட்டு, வலது தோளில் ஒரு ஒட்டு. சட்டை காத்தான்குடித் தறியில் நெய்த நீலக்கோட்டுத் துணி. ஒட்டு இரண்டும் அம்மாவின் பழைய சிவப்புச் சேலையில் வெட்டி எடுத்தவை. நீலத்துக்கு நீலம் தேடி ஒட்டுப் போடும் வசதி எங்கள் வீட்டில் இல்லை. கையில் கிடைத்த துணியை வைத்துத் தைத்தாள். ஆனால் தையல் எறும்பு வரிசை மாதிரி அத்தனை சீராக இருக்கும். என் அண்ணனுக்கு இருந்த ஒரே சட்டை அது. பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், மண்டூர்த் திருவிழாவுக்கும் அதுதான். இரவில் துவைத்துக் கொடியில் போட்டால் விடியும்போது பாதி ஈரமாக இருக்கும். அப்படியே போட்டுக்கொண்டு போவான்.

இந்த வயதில் ஒரு சட்டையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன மாதம் பட்டணத்தில் நடந்த ஒரு பரிசளிப்பு விழாவில் ஒருவர் அந்தச் சட்டையைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசினார். சபை உருகிப்போய்க் கைதட்டியது. பேசியவர் என் அண்ணன் அல்ல.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அப்பா ஒரு போடியாரின் வயலுக்கு முல்லைக்காரன். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: போடியார் என்றால் வட்டை வட்டையாக வயல் வைத்திருக்கும் பெரிய மனிதர், அந்த வயலை விதைப்பு முதல் சூடுமிதித்து நெல் பிரிக்கும் வரை நின்று பார்க்கிறவன் முல்லைக்காரன். எங்கள் போடியார் வாவிக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் ஓட்டு வீட்டில் இருந்தார். நாங்கள் அவருடைய வயல் ஓரத்தில், அவர் தந்த வாடிக் குடிசையில், அவருடைய எருமைகளோடு இருந்தோம். அவர் வந்தால் அப்பா சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். அவர் எதிரில் அப்பா பாய் விரித்து உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அது இலவசக் கல்வி வராத காலம். பட்டணத்து மிஷன் கல்லூரியில் இங்கிலீஷ் படிக்க வேண்டுமானால் கட்டணம் கட்ட வேண்டும், இங்கிலீஷில் ஒரு நுழைவுப் பரீட்சையும் எழுத வேண்டும். ஆனால் படுவான்கரை ஏழைப் பிள்ளைக்கென்று வருசத்துக்கு ஒரு இடம் தனியாக வைத்திருந்தார்கள். கட்டணம் இல்லை, சாப்பாடும் படுக்கையும் இலவசம். அதற்கு இங்கிலீஷ் தெரியத் தேவையில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழிலும் கணக்கிலும் ஒரு பரீட்சை. அதில் முதலாவதாக வருகிற பிள்ளையின் வீட்டுக்குப் பாதிரியார் நேரில் வந்து, குடும்பம் மெய்யாகவே ஏழைதானா என்று பார்த்து, பிள்ளையைக் கையோடு கூட்டிப்போவார். அந்த வருசம் அண்ணன் முதலாவதாக வந்தான். விடைகள் பட்டணத்துக்குப் போய், அவன் பெயர் திரும்பி வந்தது. அம்மா அன்றைக்குப் பாற்சோறு சமைத்தாள்.

போடியாருக்கு அண்ணன் வயதில் ஒரு மகன். அவன் கல்லூரியின் இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு தரம் தவறிவிட்டான். அப்படித் தவறியவர்களைச் சேர்ப்பதற்குப் பணக்காரர்களிடம் அப்போதும் பல வழிகள் இருந்தன. கட்டடத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் கொடுத்துப் பிள்ளையை உள்ளே தள்ளியவர்கள் உண்டு. மானிறைச்சியும் தேனும் அனுப்பிக் கேள்விகளை முன்கூட்டியே அறிந்துகொண்டவர்கள் உண்டு. எங்கள் போடியார் அவர்களையெல்லாம் தோற்கடித்தார். ஏழைக்கென்று ஒதுக்கிய ஒற்றை இடத்தில் அவர் கண் விழுந்தது. ஊர் வாத்தியாருக்கு ஒரு துண்டு நிலம் கைமாறியது. பாதிரியாருக்கு மொழிபெயர்க்க வரும் உபதேசியாருக்குக் கன்றோடு ஒரு பாலெருமை போனது. அதுவும் அப்பா மேய்த்து வளர்த்த எருமை. பிறகு போடியார் எங்கள் வாடிக்கு வந்தார்.

தன் மகன் எங்கள் வீட்டுப் பிள்ளையாக நிற்க வேண்டும், பரீட்சை எழுதியவன் அவன்தான் என்று சொல்ல வேண்டும், அண்ணனின் பெயரிலேயே அவன் கல்லூரிக்குப் போவான் என்று விளக்கினார். அப்பா வாழ்க்கையில் முதல் தரமாக அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"போடியார், அவன் பாடுபட்டுப் படிச்சி எடுத்தது."

போடியார் கோபிக்கவில்லை. "உன்ட பொடியன் படிச்சி என்ன செய்யப் போறான்? நாளைக்கும் இந்த வட்டையிலதானே நிக்கப் போறான். என்ட மகன் உன்ட பேரச் சொல்லிப் படிக்கிறது உனக்குத்தான் பெருமை" என்றார். எழுந்து போகும்போது, வயலை வேறு ஒருவர் பொறுப்பில் விடலாமா என்று யோசிப்பதாகவும் சாதாரணமாகச் சொல்லிவைத்தார். அப்பா சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வரை அவர் பின்னால் போனார்.

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இந்த இடத்தில்தான். அப்பாவைப் பாயில் உட்கார விடாத மனிதர், ஒரு கல்லூரி இடத்துக்காகத் தன் மகனுக்கு அப்பாவையே தகப்பனாக்கச் சம்மதித்தார். குலம், குடி, கோயில் முதல்மரியாதை என்று மூச்சுக்கு மூச்சுப் பேசியவர். வேண்டுமென்றால் எங்கள் வறுமையையும் எடுத்து உடுத்திக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் கழற்றி எறியலாம் என்று நினைத்திருக்கிறார். எங்களால் அதைக் கழற்றத்தான் முடியவில்லை.

பாதிரியார் வருவதற்குச் சில நாள் முன்பே அந்தப் பொடியனைக் கொண்டுவந்து எங்கள் வாடியில் விட்டார்கள். வெயிலில் கறுக்கட்டும் என்றார்கள். நுளம்பு கடித்து இரவெல்லாம் அழுதான். எருமையைக் கூப்பிடும் விதத்தை அண்ணன்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவன் பாதம் பஞ்சு மாதிரி இருந்ததால் அம்மா வயல் சேற்றைக் குழைத்துப் பூசிக் காய விட்டாள். கடைசியில் உடுப்புப் பிரச்சினை வந்தது. அவன் கொண்டுவந்த சட்டைகளில் பழையது கூட மினுங்கியது. உபதேசியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அண்ணன் போட்டிருந்த சட்டையைக் காட்டினார்.

அம்மா, "நான் கழட்டிக் குடுக்க மாட்டன்" என்றாள். அண்ணன் தானே கழற்றினான். கழற்றி, மடித்து, அந்தப் பொடியனின் கையில் கொடுத்துவிட்டு வெறும் மேலோடு எருமைப் பட்டிக்குப் போனான்.

பாதிரியார் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஊருக்குப் புதியவர், தமிழ் தெரியாது. வாடியின் தாழ்ந்த கூரைக்குள் குனிந்து வந்து, அம்மா கொடுத்த தயிரைக் குடித்தார். அந்தப் பொடியனைக் கிட்டக் கூப்பிட்டு, தோளிலிருந்த சிவப்பு ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். அண்ணன் பட்டணம் போனால் நீ அழுவாயா என்று கேட்கிறார் என்றார் உபதேசியார்.

எனக்கு அப்போது பால்பல் விழுகிற வயது. நான் பட்டியைக் காட்டினேன். "அண்ணன் போகல்ல. அண்ணன் அந்தா எருமையோட நிக்கான். இவன் போடியார்ட மகன்" என்றேன்.

அப்பா தலை குனிந்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, வேறு ஒன்றும் இருந்தது. உபதேசியார் முகம் துளியும் மாறவில்லை. நிதானமாக இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். பாதிரியார் சந்தோசப்பட்டுச் சிரித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து என் கையில் வைத்தார். அன்று உபதேசியார் என்ன சொன்னார் என்பதைப் பின்னாளில் அவரே ஊரில் பெருமையடித்துக்கொண்டு திரிந்ததால் எங்களுக்குத் தெரிந்தது. "அண்ணன் போனால் எருமைகளை நான் பார்த்துக்கொள்வேன்" என்று நான் சொன்னேனாம். உண்மை பேசிய குழந்தையின் வாயிலிருந்தே பொய்யை எடுத்துக் கொடுத்த சாமர்த்தியத்துக்குத்தான் அந்தப் பாலெருமை.

அன்று பொழுது சாயுமுன் தோணி புறப்பட்டது. துறையில் முழங்கால் அளவு சேறு. அந்தப் பொடியன் இறங்கத் தயங்கினான். அண்ணன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து தோணியில் இருத்தினான். நல்ல வேலைக்காரப் பையன் என்று பாதிரியார் அவன் முதுகில் தட்டினார். தோணி கரையோரக் கண்ணாப் பற்றையைத் தாண்டி மறையும்வரை அந்தச் சிவப்பு ஒட்டு எனக்குத் தெரிந்தது. அண்ணன் கரையேறி வந்து, "அம்மா, சட்டை போயிட்டு" என்றான். கல்லூரியைப் பற்றி அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவன் வாய் திறக்கவில்லை.

போனது சட்டை மட்டுமல்ல. அண்ணனை இனி ஒருவரும் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பட்டணத்து ஆட்கள் காதில் விழுந்தால் காரியம் கெட்டுவிடும் என்று போடியார் ஊருக்குக் கட்டளை போட்டார். ஊரும் கேட்டது. அன்றிலிருந்து அவன் "சின்னவன்". கலியாணத்திலும் சின்னவன், கோயில் அர்ச்சனையிலும் சின்னவன். போடியாரோ அடிக்கடி கல்லூரிக்குப் போய், தன் முல்லைக்காரனின் மகனுக்குக் கைச்செலவு கொடுத்துவிட்டு வருவார். ஏழைப் பிள்ளைக்கு இரங்கும் தர்மவான் என்று பாதிரியார் கல்லூரி மண்டபத்தில் அவரைப் பாராட்டினாராம். கேட்டு நாங்கள் சிரிக்கவா அழவா?

போடியார் வீட்டம்மா அந்தச் சட்டைக்குப் பதிலாக இரண்டு பட்டுச் சட்டைகள் கொடுத்து அனுப்பினார். அண்ணன் அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை. கதிர் பால் பிடிக்கிற நாளில் ஒன்றைக் கொண்டுபோய் வயல் நடுவில் நின்ற வெருளிக்குப் போட்டுவிட்டான். குருவி விரட்டும் வைக்கோல் பொம்மை பட்டுச் சட்டையோடு நின்றது. போடியார் வில்வண்டியில் வந்து இறங்கினார், பார்த்தார், மறுபடி வண்டியேறித் திரும்பிப் போனார். அந்தப் போகம் முழுக்க அது அங்கேயே நின்று கிழிந்தது. எங்கள் குடும்பம் அவருக்குக் கொடுத்த ஒரே பதில் அதுதான்.

இலவசக் கல்வி வந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பிவிட்டது. அப்பா நோயோடு பாயில் விழுந்து, வயலும் அவன் தலையில் விழுந்துவிட்டது. அவன் இப்போதும் இருக்கிறான், இப்போதும் அதே வட்டையில்தான். அந்தப் பொடியன் படித்து, பெரிய உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, விழாக்களுக்குத் தலைமை தாங்குகிறார். நீண்ட காலம் நான் அவரை மன்னித்தே வைத்திருந்தேன். குழந்தைதானே, தகப்பன் செய்த அநியாயத்துக்கு அவன் என்ன செய்வான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் என் பேத்திக்கு ஒரு பரிசு கிடைத்ததால் விழாவுக்குப் போனேன். அழைப்பிதழில் தலைமை என்ற இடத்தில் அப்பாவின் முதலெழுத்தும் அண்ணனின் பெயரும் அச்சாகியிருந்தன. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை; எழுதினால் உங்களுக்கு அவர்தான் நினைவுக்கு வருவார், என் அண்ணன் வரமாட்டான். அவர் எழுந்து, படுவான்கரையில் ஒரு முல்லைக்காரனின் வாடியில் பிறந்து, எருமை மேய்த்து, ஒட்டுப்போட்ட ஒரே சட்டையோடு கல்லூரிக்கு வந்த கதையைச் சொன்னார். நுளம்புக்கடியைக் கூட விடவில்லை. குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று சொல்லமாட்டேன். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். பெயரை எடுத்தார்கள், இடத்தை எடுத்தார்கள்; கடைசியில் நாங்கள் பட்ட பாட்டையும் எடுத்துப் பதக்கம் மாதிரித் தன் நெஞ்சில் குத்திக்கொண்டு மேடையேறிவிட்டார். அந்த நிமிடத்தில் என் மன்னிப்பு முடிந்துபோனது.

தேநீர் கொடுக்கிற இடத்தில் அவரைச் சுற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் நின்றார்கள். நான் கிட்டப் போனேன்.

"ஐயா, அந்தச் சட்டைக்கு ஒட்டுப் போட்டது ஆர்?"

"என்ட அம்மாதான்" என்றார், கனிவாக.

"இல்ல. என்ட அம்மா. நான் முல்லைக்காரன்ட மகள். சட்டை என்ட அண்ணன்ட. பேரும் அவன்டதான்."

இந்தத் தரம் நடுவில் உபதேசியார் இல்லை. சொன்னது சொன்னபடியே எல்லோர் காதிலும் விழுந்தது. அவர் முகம் ஒரு கணம் வெளிறி, பிறகு பழைய புன்சிரிப்பு திரும்பி வந்தது. என் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில், "தங்கச்சி, அது எப்பவோ கிழிஞ்சிபோயிட்டு. அதுக்கென்ன, அண்ணனுக்கு ரெண்டு நல்ல சட்டை எடுத்து அனுப்பிவிடுறன்" என்றார்.

அதே இரண்டு சட்டை. தாயிடமிருந்து மகனுக்கு வேறு எது வராவிட்டாலும் அது வந்திருக்கிறது.

"அனுப்புங்க" என்றேன். "எங்கட வட்டையில வெருளி வெறும் மேலோடதான் நிக்கிது."