நான் சுருக்கிச் சொன்னது

பல்கனிக் கம்பியில் படிந்திருந்த பனியை இரண்டு கையாலும் அள்ளி, முகத்தில் அப்பிக்கொண்டு குனிந்து நின்றார் கீழ்வீட்டு அக்கா. நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு பெப்ரவரி மாதப் பிற்பகல் அது. மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் பின்பக்கத்தில் மரப் பல்கனிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. கம்பளிச் சட்டைகூட இல்லாமல் வெளியே வந்திருந்தார். பனி உருகி மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பில் விட்டுவந்த வெங்காயம் கருகும் மணம் மேலே வந்தது. அக்காவுக்குப் புத்தி பிசகத் தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு ஒரு வருடமாக எல்லோரும் பழகியிருந்தோம். பழக்கிவிட்டவளே நான்தான்.

அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து, ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவர். அதைப்பற்றித் தானாகக் கதைக்கமாட்டார், யாராவது கேட்டால் மறைக்கவும் மாட்டார். நான் அவர்களுக்குச் சில வருடங்கள் முன்பே வந்து பிரெஞ்சு படித்திருந்தேன். விடியப்புறம் ஒரு பாண் தொழிற்சாலையில் பொதி கட்டினேன். பின்னேரங்களில் பக்கத்துக் கிளினிக்கில், பிரெஞ்சு தெரியாத தமிழர்களுக்காக மொழிபெயர்த்தேன்.

அதற்கு முந்திய குளிர்காலத்தில் அக்கா அந்தக் கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் வயதானவர், நல்ல மனிதர். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். என்ன செய்கிறது என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“நெஞ்சு படபடக்குது பிள்ளை. பயந்தால் எப்பிடிப் படபடக்கும் எண்டு எனக்குத் தெரியும். இது அதில்லை. சும்மா உடுப்பு மடிச்சுக்கொண்டு நிக்கேக்க வரும். சுவிச்சைப் போட்டமாதிரி வருது, நூத்தமாதிரி நிக்குது.”

அன்று நான் மூன்று மணிக்கு எழும்பியிருந்தேன். கால்கள் வீங்கிச் சப்பாத்துக்குள் இறுகியிருந்தன. அக்கா சொன்ன அவ்வளவையும் ஒரே வரியாக்கி, இவருக்கு நெஞ்சு படபடக்கிறதாம், பதற்றமாம் என்று சொன்னேன். படபடப்பு என்ற தமிழ்ச்சொல் நெஞ்சுக்கும் பொருந்தும், மனதுக்கும் பொருந்தும். நான் தேர்ந்த பிரெஞ்சுச் சொல் மனதுக்கு மட்டுமே பொருந்துவது. சுவிச்சைப் போடுவதுபோல, அணைப்பதுபோல என்றதை நான் சொல்லவே இல்லை. டொக்டர் அக்காவின் நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத்தின் மின்னோட்டத்தைக் கடதாசியில் எடுத்துப் பார்த்தார். அந்த நேரம் நெஞ்சு அமைதியாக இருந்ததால் கோடுகளில் ஒரு பிழையும் இல்லை. பிறகு ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார். அக்கா தம்பியைப்பற்றிச் சொன்னார். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். டொக்டர் தலையை மெல்ல ஆட்டி, மனதை ஆற்றும் குளிசைகள் எழுதிக் கொடுத்தார்.

குளிசை அக்காவைத் தூங்க வைத்தது, படபடப்பை நிறுத்தவில்லை. சலவைத் தொழிற்சாலையில் மடித்த விரிப்புகளின்மேலே கண்ணயர்ந்துபோக, இரண்டாம் முறையோடு வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பாணில் பட்டர் பூசித் தின்றுவிட்டு பள்ளிக்கூடம் போனார்கள். “எந்த நேரமும் படுக்கைதான்” என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் கெட்டவரல்ல. இரண்டு வேலை செய்து களைத்த மனிதர். பனியை முகத்தில் அப்புவதை அவரும் கண்டு, என்னிடம் வந்து, “உந்தப் பனி அப்புறதையும் ஒருக்கா டொக்டரிட்டைச் சொல்லுங்கோ தங்கச்சி” என்றார். சொன்னேன். குளிசையின் அளவு கூடியது.

அந்தக் குளிர்காலமும் அப்படியே கழிந்தது. மார்ச் மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, அக்கா கடைப்பையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. “இண்டைக்கு நிக்கேல்லை பிள்ளை” என்றார். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின, எண்ண முடியவில்லை. அன்றுதான் முதன்முதலாக அவரைத் தொட்டுப் பார்த்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் துடிப்பைக் கடதாசியில் பிடித்துவிட்டாள். கை நரம்பில் ஊசி போட்டாள். அக்கா கிணற்றுக்குள் விழுகிறவர்போல என் கையை இறுக்கினார். ஒரு கணம் திரையில் கோடு நேராக ஓடியது. பிறகு இதயம் ஆறுதலாக அடிக்கத் தொடங்கியது. இது எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்று டொக்டர் கேட்டாள். அக்கா அதே வாக்கியத்தைச் சொன்னார். போட்டமாதிரி, நூத்தமாதிரி. இந்தமுறை அப்படியே சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள்.

“இதை இவர் முன்பு யாருக்குமே சொல்லவில்லையா?”

அந்தக் கேள்வியையும் நான்தான் தமிழில் கேட்கவேண்டியிருந்தது. அக்கா என்னை நேராகப் பார்த்தார். “நான் சொன்னனான் எண்டு சொல்லும்” என்றார். அவர் சொன்னார், நான்தான் சொல்லவில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். டொக்டர் பேனையை மறுபடி எடுத்து அதையும் குறித்துக்கொண்டாள்.

கட்டிலில் விரித்திருந்த கடதாசியின் ஓரத்தில் அவள் ஒரு இதயத்தைப் படமாகக் கீறினாள். மேலே ஒரு புள்ளியில் மின்சாரம் பிறக்கிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே ஒரேயொரு வாசல். அங்கே கொஞ்சம் தரித்துத்தான் கீழே இறங்கவேண்டும். அக்காவுக்குப் பிறக்கும்போதே இன்னொரு பாதை, மயிரிழை அளவில், கூடுதலாக அமைந்துவிட்டது. வாசலால் இறங்குகிற மின்சாரம் சில வேளைகளில் அதன்வழியாக மேலே திரும்பி, சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஓடாதபோது எந்தக் கடதாசியிலும் தெரியாது. முகத்தில் கடும் குளிர் பட்டால் அந்த வாசல் சற்று அடைபடும், ஓட்டமும் அறுந்துவிடும். பனியைப்பற்றி நான் சொன்னதும், இவர் தனக்குத் தானே சரியான வைத்தியம் செய்திருக்கிறார் என்றாள்.

“அப்ப இது சண்டையாலை வந்ததில்லையோ?” என்று அக்கா கேட்டார்.

இல்லை என்றாள் டொக்டர்.

“தம்பியாலையும் இல்லை.”

அது கேள்வியாக இருக்கவில்லை. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் தொடை நரம்பு வழியாக வயர் ஏற்றி, அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டு அறுத்தார்கள். படபடப்பு அதன்பிறகு வரவில்லை. குளிசைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். தூக்கத்தில் போன காலத்தைத் திருப்பிக் கொடுக்க ஒருவராலும் முடியவில்லை. தாயை எழுப்பாமல் கதவைச் சாத்திப் பழகிய பிள்ளைகள், தாய் விழித்திருந்த காலத்திலும் அப்படியே சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்கள்.

நான் இன்றைக்கும் மொழிபெயர்க்கிறேன். பாண் தொழிற்சாலை வேலையை விட்டுப் பல வருடமாகிறது, களைப்பு மட்டும் போகவில்லை. நோயாளி சொல்வதை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை சில டொக்டர்மார் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அக்காவுக்குச் சுகமான அந்த வருடம் ஜூலை முதலாந் திகதி, மொன்ட்ரியால் ஊரே வீடு மாறும் நாளில், அக்கா குடும்பமும் மொன்ட்ரியால்-நோர் பகுதிக்கு மாறிப்போனது. பழைய வீட்டிலிருந்து சாமான் இறக்க நானும் உதவினேன். படியில் இருவரும் மூச்சுவாங்க நின்றபோது, மாதக்கணக்கில் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் சுருக்கிவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று.

“எனக்கு அப்பவே விளங்கினது” என்றார் அக்கா. “நான் அவ்வளவு சொல்ல நீர் கட்டையாச் சொல்லி முடிச்சிட்டீர். திருப்பிச் சொல்லும் எண்டு கேக்க வாயெடுத்தனான். உம்மைப் பாத்தன். நிண்டபடியே கண் சொருகுது உமக்கு. பாவம், களைச்சுப்போய் நிக்கிறா, பேந்து ஒருநாள் சொல்லுவம் எண்டு விட்டிட்டன்.”

கீழே, சாமான் ஏற்றும் வான் வண்டியில் இருந்த கணவர் ஹோர்ன் அடித்தார். அக்கா குனிந்து பாத்திரப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். ஒவ்வொரு படியாக இறக்கினோம்.