மூன்று நாள் போட்டியும் பக்கத்துக் காட்டுக்காரரும்

குதிரை வளர்ப்பவன் என்றால் கல்யாண ஊர்வலத்துக்கு விடுபவன், அதுவும் இல்லையென்றால் எதையோ மறைக்கிறவன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஈவென்டிங் என்ற குதிரைப் போட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் என்னை ஊர் இரண்டாவதில் சேர்த்திருக்கிறது. ஊருக்குப் புரியாத தொழில் செய்கிறவர்களே, உங்களுக்குத்தான் என் பாடு விளங்கும்.

ஈவென்டிங் என்றால் ஒரே ஆள், ஒரே குதிரை, மூன்று நாள். முதல் நாள் ஒழுங்கு நடை, அடுத்த நாள் காடுமேட்டு ஓட்டம், மூன்றாம் நாள் கம்பம் தாண்டுதல். காடுமேட்டு ஓட்டம் பழக என்னிடம் இடமில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் செல்லமுத்து தன் நிலத்தைத் தர மனது வைத்தால்தான் என் மாணவி கவிதா அடுத்த மாதப் போட்டிக்குப் போக முடியும்.

செகண்ட் கியர்

கவிதாவின் அப்பா போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டுபவர். ஒழுங்கு நடையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். வட்டம், நிற்பது, நாலடி பின்வாங்குவது, மறுபடி வட்டம். மகள் நன்றாகவே செய்தாள். பாராட்டுவார் என்று நின்றேன், என் புத்தி.

"ஏனுங்க, செகண்ட் கியரைத் தாண்டவே மாட்டேங்குது, எதாச்சும் ரிப்பேரை மறைக்கறீங்களா?"

கொடி நட்டோம்

காட்டில் நடந்து பார்க்க மட்டும் செல்லமுத்து விட்டார். நானும் கவிதாவும் அளவுச் சக்கரத்தை உருட்டிப் போய், தாண்டும் இடங்களில் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் வெள்ளைக் கொடி நட்டோம். "ரோட்டுக்கு அளக்கறீங்களா? நிலத்தைக் குடுத்துக் கையெழுத்துப் போட மாட்டேனுங்க!" என்று செல்லமுத்து ஓடிவந்தார். போட்டியில் ஓட்டுகிறவர் முன்னதாக நடந்து பார்க்கலாம், குதிரைக்குக் காட்டக் கூடாது, அதுதான் விதி என்றேன். உண்மையைச் சொன்னதுதான் தப்பு.

"குதிரைக்கே தெரியாம பண்றவங்க, எனக்குத் தெரியாம என்னென்ன பண்ணுவீங்க?"

கால் சோதனை

ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள், பிறகு சொல்கிறேன் என்றார் செல்லமுத்து. குதிரை மரக்கட்டையையும் பள்ளத்தையும் சுத்தமாகத் தாண்டியது. போட்டியின் மூன்றாம் நாள் காலையில் கால்நடை மருத்துவர் முன் குதிரையை நேராக ஓட்டிக் காட்ட வேண்டும், நொண்டினால் போட்டி அதோடு முடிந்தது. மறுநாள் காலையில் அதற்கும் ஒத்திகை பார்த்தோம். கால் சரியாக இருக்கிறது என்று நான் தலையாட்டிவிட்டேன். வரப்பில் குந்தியிருந்த செல்லமுத்து, "பின்னங்கால் ஊன மாட்டேங்குது" என்றார். காடு தராமலிருக்கச் சாக்கு தேடுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

குளம்பைத் தூக்கினேன். அடியில் கருவேல முள். வெட்கத்தில் நிமிரவே முடியவில்லை. இனி போட்டியும் போச்சு, காடும் போச்சு என்று நினைத்தேன். அவரே முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"காட்டை எடுத்துக்குங்க, ஆனா தினமும் காலையில குதிரையோட காலை நான்தான் பார்க்கோணும், உங்க கண்ணை நம்பறதுக்கில்லீங்க."

மற்றவர்களுக்கெல்லாம் ஈவென்டிங் மூன்று நாளில் முடிந்துவிடுகிறது, எனக்கு மட்டும் தினமும் காலை ஆறு மணிக்குச் சோதனை.