பெட்டி உறுமாத மாலை

பெட்டிக்காரருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய பழைய எலெக்ட்ரிக் பியானோ. அதை மேடையேற்ற இரண்டு பேர் வேண்டும், திட்டுவதற்கு ஒருவர். உள்ளே சின்னச் சுத்தியல்கள் உலோகக் கம்பிகளைத் தட்டும். மெல்லத் தொட்டால் மணி போல ஒலிக்கும். ஓங்கி அடித்தால் உறுமும். ஸ்டூடியோவுக்கு மணி, மேடைக்கு உறுமல். இத்தனை வருஷமும் இரண்டையும் அதே கைகளால்தான் கொடுத்துவந்தார்.

போன மழைக்காலத்திலிருந்து கைகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் ஒரு நீளமான பெயரைச் சொல்லி, போன பலம் இனித் திரும்பாது என்றார். மனைவிக்கு மட்டும் தெரியும். கச்சேரிக் குழுவுக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவான்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டூடியோவில் அதற்குப் பிறகுதான் அவருக்குப் புகழே வந்தது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இப்பத்தான் பக்குவம் வந்திருக்கு. பூ வைக்கிற மாதிரி வாசிக்கிறீங்க."

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "பாராட்டினாங்களா?"

"ஆமா. வியாதிய."

மேடையில் அந்தப் பூ செல்லுபடியாகாது. அங்கே டிரம்ஸ் வாசிப்பவருக்கு 'இடி' என்று பெயர். சத்தம் தாங்காமல் கெஞ்சிய பாடகியிடம், "காதுல பஞ்சு வச்சுக்கம்மா" என்றவர். பெட்டிக்காரர் ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். மணியைப் பெரிதாக்கினால் பெரிய மணிதான் கிடைக்கும், உறுமல் கிடைக்காது.

அன்றைய கச்சேரிக்கு முன் இடி கேட்டார்: "என்னய்யா, பெட்டிக்குச் சளியா?"

"பழசுய்யா. தேஞ்சுபோச்சு."

"அதையா சொல்ற, உன்னையா?"

"ரெண்டும் ஒண்ணுதான், போ."

எதற்கும் சிரிக்கிற இடி இதற்குச் சிரிக்கவில்லை.

பெட்டிக்காரரின் தனி வாசிப்பு வந்தது. தோளிலிருந்து முழுக் கையையும் இறக்கி அடித்தார். மணி. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை. மணியேதான். அப்போது பக்கத்தில் ஏதோ அடங்கியது. திரும்பினார். இடி குச்சிகளை மடியில் போட்டுவிட்டு, விரல் நுனியால் டிரம்மைத் தட்டிக்கொண்டிருந்தார். கிடார்காரனும் சத்தத்தைக் குறைத்தான். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டவர்களின் ஒழுங்கு அது. அப்படியென்றால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஸ்டூடியோவில் கேட்பதுபோல இத்தனை தெளிவாக மேடையில் தன் பெட்டியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அடிடா, அடித்துத் தொலைடா என்று இடியைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினார். இடி தலையே நிமிராமல், குழந்தையைத் தூங்கவைக்கிறவர் மாதிரி, தட்டிக்கொண்டே இருந்தார்.