எண்ணெய் விலை விழக் காத்திருந்தவர்

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நான் வேலை செய்தபோது, துணி மடிக்கும் மேசையில் எனக்கு எதிரே ஒரு நைஜீரியர் நிற்பார். நெடிய மனிதர். அந்த நீராவிச் சூட்டிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டார். தன் நாட்டில் பொருளாதாரம் கற்பித்தவர். இடைவேளையில் பத்திரிகையை விரித்தால் முதலில் தன் நாடு விற்கும் கச்சா எண்ணெயின் விலையைத்தான் பார்ப்பார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் கோடையில் விலை ஏறிக்கொண்டே போனது. "உங்கட நாட்டுக்கு இனி நல்ல காலம்தானே?" என்று கேட்டேன். நாங்கள் பேசியது ஜெர்மனில்; எனக்கு நினைவிருப்பது எங்கள் தமிழில்.

"இல்லை. எண்ணெய்க் காசு நிறைய வந்தால் அரசாங்கத்துக்கு எங்கட வரி தேவையில்லை. வரி தேவையில்லை எண்டால், எங்களுக்குப் பதில் சொல்லவும் தேவையில்லை."

குளிர்காலம் தொடங்கியபோது விலை மளமளவென்று சரிந்தது. அதே கிழமை அவருக்கு நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தது. நான் ஒன்பது வருடம் ஏங்கிப் பெற்ற அனுமதி அது. கைகுலுக்கப் போனேன். ஊர் திரும்பி உள்ளூர்த் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார். நீட்டிய கையை மடக்க மறந்து நின்றேன்.

"அரசாங்கத்திட்டைக் காசில்லாத நேரத்திலையோ போறியள்?"

"ஓம். இப்பதான் அவையளுக்கு எங்கட வரி வேணும். வரி கேட்டு வாறவையிட்டைத்தான் கேள்வி கேக்கலாம். மற்ற நேரத்திலை ஏலாது."

அவர் வென்றாரா என்று எனக்குத் தெரியாது. தன் நாட்டின் கெட்ட காலத்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்து, அது வந்ததும் அதைத் தேடிப்போன இன்னொரு மனிதரை நான் இன்றுவரை காணவில்லை.